போர்ட்லண்டில் ஒரு 'ஊறல்' கொட்டகை!

அமெரிக்கா போய் வந்த யாரைக் கேட்டாலும் நயாகராவில் நனைந்ததையும், சுதந்திர தேவி சிலைக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டதையும் சொல்வார்கள். நானும் போய் வந்தேன். முழுசாக ஆறு வாரம். நான் விலாவாரியாகப் பார்த்தது ஒரு கார் ஷெட். அதற்குள் நாலு சக்கரம் வைத்த ஓர் இரும்பு ஸ்டாண்டு. அதன் மேல் வரிசையாக மூன்று பெரிய எவர்சில்வர் பாத்திரங்கள். பாத்திரத்துக்குள்...

பொறுங்கள். குடும்பத்தோடு படிக்கிற பத்திரிகை. முதலில் ஒரு வரியை எழுதிவிடுகிறேன்: குடி குடியைக் கெடுக்கும். (எடிட்டர் சார், திருப்தியா?)

அக்காவும் அத்தானும் இருப்பது ஓரிகன் மாநிலத்தில், போர்ட்லண்ட் நகரத்தின் கிழக்குப் பக்கம். நான் போய் இறங்கியது அக்டோபர் மாதம். அங்கே அக்டோபர் என்றால் மழை. நம்ம ஊர் மழை மாதிரி 'தடதட'வென்று பெய்துவிட்டு 'சரி, போய் வரேன்' என்று போகிற மழை இல்லை. காலையில் ஆரம்பித்துச் சாயங்காலம் வரை சிணுங்குகிற மழை. உள்ளூர்க்காரர்கள் குடை பிடிப்பதில்லை. குடையோடு போனால் 'வெளியூரா?' என்று பார்க்கிறார்கள். வில்லாமெட் ஆற்றின் மேல் பாலம் பாலமாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றாக நடந்து பார்க்கலாம் என்று கிளம்பினேன். இரண்டாவது பாலத்திலேயே தும்மல்.

வீட்டுக்கு வந்தால் அக்கா இட்லி மாவுக்கு முன்னால் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"ரெண்டு நாளாச்சு தம்பி, மாவு பொங்கவே மாட்டேங்கு. இந்தக் குளிர்ல எங்கிட்டுப் பொங்கும்? பக்கத்து வீட்டுப் பெரியவர் ஷெட்டுல ஒரு பழைய ஃபிரிட்ஜ் வச்சிருக்காரு. உள்ளே சூடு எத்தனை டிகிரி வேணும்னாலும் திருகி வச்சுக்கலாம். அதுல கொஞ்சம் வைக்கட்டுமான்னு கேட்டேன். 'எதை வேணா கேளு, அதை மட்டும் கேக்காதே'ன்னுட்டாரு!"

"ஏன், அதுல என்ன வச்சிருக்காரு?"

அக்கா குரலைத் தாழ்த்தினாள். "ஊறல் போடுதாரு!"

பாளையங்கோட்டையில் பிறந்தவனுக்கு 'ஊறல்' என்றதும் காதில் விழுவது போலீஸ் ஜீப்பின் உறுமல்தான். காட்டுக்குள் மண்ணில் புதைத்த பானை, கம்பால் அடித்து உடைக்கிற காவலர்கள், மறுநாள் பேப்பரில் படம். அந்தப் பயத்தோடுதான் வேலியைத் தாண்டிப் போனேன்.

* * *

பெரியவருக்கு வயது 71. கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆறடிக்கு மேல் உயரம், இடுப்பில் அகலமான ஒரு பெல்ட். முதுகெலும்பில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. ஒன்பது கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்று டாக்டர் உத்தரவு.

"பயப்படாதே. இது சட்டப்படி நடக்கிற ஊறல்" என்று சிரித்தார். அத்தான் முன்பே எல்லாம் மொழிபெயர்த்து வைத்திருக்கிறார்!

அமெரிக்காவில் 1920-இல் மதுவிலக்கு வந்தது. 1933-இல் போனது. போன பிறகு வீட்டில் ஒயின் செய்துகொள்ள சட்டம் இடம் கொடுத்தது. பீருக்குக் கொடுக்கவில்லை. அப்புறம் 45 வருஷம், வீட்டில் பீர் காய்ச்சியவர்கள் எல்லாரும் திருட்டுத்தனமாகத்தான் காய்ச்சினார்கள். 1978 அக்டோபர் 14-ஆம் தேதி ஜிம்மி கார்ட்டர் ஒரு மசோதாவில் கையெழுத்துப் போட்டார். 1979 பிப்ரவரி முதல் தேதி அது அமலுக்கு வந்தது. வீட்டில் வயது வந்தவர் ஒருவர் இருந்தால் வருஷத்துக்கு 100 காலன். இரண்டு பேரோ அதற்கு மேலோ இருந்தால் 200 காலன். சொந்த உபயோகத்துக்கு மட்டும், விற்கக் கூடாது. ஒரு காலன் என்பது மூணே முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் மேலே. மாநிலங்கள் தனித்தனியாகச் சம்மதிக்க வேண்டியிருந்ததால் கடைசி இரண்டு மாநிலங்களான அலபாமாவும் மிசிசிப்பியும் 2013-இல்தான் இறங்கி வந்தன. சாராயம் வடிப்பது வேறு கதை. 1978 சட்டம் அந்தப் பக்கமே போகவில்லை.

சட்டம் வந்த அடுத்த வருஷமே, 1979-இல், போர்ட்லண்டில் வீட்டு பீர்க்காரர்கள் சங்கம் ஆரம்பித்துவிட்டார்கள். சாமான் விற்கிற ஸ்டெயின்பார்ட் கடையோ அதற்கும் முந்தியது. 1918-இல் தொடங்கியது. நகரத்துக்குத் தண்ணீர் வருவது ஹூட் மலைப் பக்கத்து புல் ரன் காட்டிலிருந்து. உப்பு, சுண்ணாம்பு அதிகமில்லாத மென்மையான மழைத் தண்ணீர். கசப்புக்கும் வாசனைக்கும் போடுகிற 'ஹாப்ஸ்' கொடி அதே வில்லாமெட் பள்ளத்தாக்கில் விளைகிறது. 'காஸ்கேட்' என்று பேர் போன ஹாப்ஸ் ரகம் 1972-இல் இதே மாநிலத்து கார்வாலிஸ் ஊரிலிருந்துதான் வெளிவந்தது. தண்ணீர், கொடி, சங்கம், கடை, மழை. வீட்டை விட்டு வெளியே போக முடியாத மனிதன் வேறு என்னதான் செய்வான்?

(அட, நம்ம ஊரில்? 1937-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் காய்ச்சினால் கம்பி எண்ண வேண்டும். யாரும் கிளம்பிவிடாதீர்கள்!)

* * *

சமாச்சாரம் இதுதான். முளைகட்டிக் காயவைத்த பார்லியை உடைத்து, 66, 67 டிகிரி சூட்டுத் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைக்கிறார்கள். தானியத்துக்குள் இருக்கிற நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கிவிடும். சூடு ஏறினாலும் தப்பு, இறங்கினாலும் தப்பு. அந்த இனிப்புச் சாற்றை வடிகட்டி, ஹாப்ஸ் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க வைத்து, சட்டென்று ஆறவைத்து, ஈஸ்ட் போட்டு மூடி வைத்தால் இரண்டு வாரத்தில் பீர். அப்புறம் பாட்டிலில் இரண்டு வாரம். எங்கேயாவது ஒரு சொட்டு வேறு கிருமி விழுந்தால் மொத்தமும் புளித்துப் போகும். அக்காவின் இட்லி மாவுக்கு ஃபிரிட்ஜில் இடம் கிடைக்காத ரகசியம் புரிகிறதா? மாவைப் புளிக்க வைக்கிற பாக்டீரியா நமக்கு விருந்தாளி. அவருக்கு அது திருடன்.

ஆக மூன்று பாத்திரம் வேண்டும். ஒன்று வெந்நீருக்கு, ஒன்று ஊறவைக்க, ஒன்று கொதிக்க வைக்க. பெரியவரிடம் இருந்தவை மேல்பக்கத்தை வட்டமாக வெட்டி எடுத்த எவர்சில்வர் பீப்பாய்கள். ஒவ்வொன்றும் 58 லிட்டர் பிடிக்கும். அவரிடம் பழைய ஸ்டாண்டு ஒன்றும் இருந்தது. மூன்று படி வைத்த கோபுரம். உச்சிப் படியில் வெந்நீர், நடுவில் தானியம், கீழே அடுப்பு. மேலேயிருந்து கீழே தானாக இறங்கும். பம்பு வேண்டாம், கரன்ட் வேண்டாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் உச்சிப் பாத்திரம் தலைக்கு மேலே இருக்கும். ஏணி போட்டு ஏறித்தான் வெந்நீரைப் பார்க்க வேண்டும். கீழ்ப் பாத்திரத்தையோ இரண்டு பேர் ஆளுக்கொரு காதைப் பிடித்துத் தூக்கி வைக்க வேண்டும்.

"அந்த இன்னொரு காது என் மனைவியுடையது" என்றார் பெரியவர். "முப்பது வருஷம்."

அந்த அம்மாள் இறந்து இரண்டு வருஷமாகிறது. அதற்கப்புறம் ஒரே ஒரு தடவை தனியாக முயன்று பார்த்திருக்கிறார். ஏணியில் கால் வழுக்கி வெந்நீர் முன்கையில் கொட்டியிருக்கிறது. தழும்பைக் காட்டினார். அதோடு கோபுரத்தைத் துணி போட்டு மூடிவிட்டார்.

நான் பி.காம். என் மூளை எப்போதும் போகிற வழியிலேயே போயிற்று. இரண்டு பேர் இருந்தால் 200 காலன். ஒருவர் என்றால் 100. மனைவி போனதும் சட்டம் அவருடைய அளவையும் பாதியாக்கிவிட்டது. இதை வாய்விட்டுச் சொல்லியும் விட்டேன். அத்தான் என் காலை மிதித்தார். பெரியவர் மட்டும் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, "இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் சரிதான்" என்றார்.

அன்றைக்குத்தான் முடிவாயிற்று. கோபுரத்தை இடித்துவிட்டு ஒற்றை ஆளுக்கு ஒரு ஸ்டாண்டு செய்வது. வெல்டிங் அவர். தூக்குவது, பிடிப்பது, துரு தேய்ப்பது அத்தானும் நானும். "ஏல மாப்ள, அமெரிக்கா வந்து கொத்து வேலை பார்த்தேன்னு ஊர்ல போய்ச் சொல்லிராத" என்றார் அத்தான். பத்திரிகையில் எழுதக் கூடாது என்று அவர் சொல்லவில்லை.

* * *

முதல் சனிக்கிழமை அளவு. பெரியவர் சுவரோரமாக நேராக நின்றார். முழங்கையை மடக்கினார். தரையிலிருந்து முழங்கை வரை அத்தானை அளக்கச் சொன்னார். "பாத்திரத்தின் வாய் இதற்கு மேலே போகக் கூடாது. இதற்கு மேலே போனால் தூக்க வேண்டும், ஏற வேண்டும். கீழே போனால் குனிய வேண்டும். மூன்றும் எனக்குத் தடை." அந்த அளவிலிருந்து பாத்திரத்தின் உயரத்தைக் கழித்து, அடுப்புக்கும் பாத்திரத்துக்கும் நடுவில் விடுகிற இடைவெளியைப் பார்த்து, ஸ்டாண்டின் உயரம் இரண்டடி என்று வந்தது. நீளம் ஐந்தடி. மூன்று பாத்திரமும் ஒரே மட்டத்தில். இங்கேயிருந்து அங்கே சாறு போக இரண்டு பம்பு.

இரும்புக் கடையில் நான் என் வணிக அறிவைக் காட்டினேன். பளபளவென்று துத்தநாகம் பூசிய குழாய் ஒரு மூலையில் மலிவாகக் கிடந்தது. துருவும் பிடிக்காது! பெரியவர் அதைத் தொடக்கூட இல்லை. வெல்டிங் சூட்டிலும் அடுப்புச் சூட்டிலும் அந்தப் பூச்சு புகையாகக் கிளம்பும். மூச்சில் போனால் குளிர்ஜுரம் வந்து படுக்க வேண்டும். கப்பல் தளத்தில் பார்த்திருக்கிறாராம். பூச்சில்லாத ஒன்றரை அங்குலச் சதுரக் குழாய் வாங்கினோம். பில்லில் விற்பனை வரியே இல்லை. ஓரிகனில் அந்த வரியே கிடையாது. ஒரு பி.காம். பட்டதாரிக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது.

இரண்டாவது சனிக்கிழமை வெல்டிங். முதலில் மூலைகளில் சும்மா ஒரு பொட்டு வைத்தாற்போல் பற்றவைக்கிறார். அப்புறம் மூலைக்கு மூலை குறுக்கே அளக்கிறார். இரண்டு அளவும் ஒன்றாயிருந்தால் சட்டம் சதுரம். இல்லையென்றால் தட்டிச் சரி செய்து, மறுபடி அளந்து, பிறகுதான் முழு வெல்டிங். அதுவும் ஒரே பக்கமாகப் போகாமல் இங்கே கொஞ்சம், எதிரே கொஞ்சம். இரும்பு ஆறும்போது இழுத்துக்கொள்ளுமாம். குறுக்களவு எடுக்கிற உத்தியோகம் எனக்கு. எட்டில் மூன்று அங்குலம், பதினாறில் ஐந்து அங்குலம் என்று அவர்கள் அளவு நாடா பின்னத்திலேயே பேசுகிறது. ஐந்தாம் வகுப்பில் பின்னக் கணக்குக்காக என் காதைத் திருகிய வாத்தியாரை நன்றியோடு நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் சோதனை. பாத்திரத்துக்கு 45 லிட்டர் என்று ஊற்றினால், பாத்திரத்தின் எடையும் சேர்த்து ஒவ்வொன்றும் சுமார் 58 கிலோ. மூன்றும் சேர்ந்து 170 கிலோவுக்கு மேல். அதைச் சக்கரம் தாங்குமா? பெரியவர் எங்களைப் பார்த்தார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஐந்து நிமிஷத்தில் அத்தான், நான், அக்கா மூன்று பேரும் பர்னர் மாட்டாத ஸ்டாண்டின் மேல் கொலு பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தோம். பெரியவர் சுற்றி வந்து தட்டித் தட்டிப் பார்த்தார். அசையவில்லை. உருளத்தான் பார்த்தது! தண்ணீர் வடிவதற்காக ஷெட் தரையைக் கொஞ்சம் சரிவாகப் போட்டிருந்தார்கள். நாலு சக்கரத்துக்கும் பிரேக் மாட்டினோம்.

* * *

நாலாவது சனிக்கிழமை பரீட்சை.

"இன்றைக்கு நீங்கள் இரண்டு பேரும் எதையும் தொடக் கூடாது" என்று இரண்டு நாற்காலியைக் காட்டினார் பெரியவர். "நான் தனியாகச் செய்ய முடிகிறதா என்று பார்க்கத்தானே இவ்வளவும்?"

காலை எட்டு மணி. வெளியே மழை, உள்ளே மூச்சு விட்டால் புகை. ஷெட்டின் பெரிய கதவை முழுக்கத் திறந்து வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தார். புரொப்பேன் கேஸ் 'கொர்ர்ர்' என்று ஜெட் விமானம் மாதிரி எரிகிறது. சாரல் என் முட்டி வரை வந்தது. பெரியவர் தானியம் எடுக்க உள்ளே போனார். அத்தான் போன் பேசப் போனார். குளிரில் எனக்குப் பல் தந்தியடித்தது. சுவரில் ஒரு பட்டன். அமுக்கினேன். கதவு சமர்த்தாக இறங்கி மூடிக்கொண்டது. அடுப்புச் சூடு இதமாக இருந்தது. அடடா, இத்தனை நாள் இவர்களுக்கு இது தோன்றவில்லையே!

உள்கதவு படாரென்று திறந்தது. இடுப்பு பெல்ட் போட்ட, முதுகில் ஆபரேஷன் ஆன அந்த மனிதர் அப்படி ஓடுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு கையால் கேஸை மூடி, மறுகையால் பட்டனை அடித்து, என் சட்டையைப் பிடித்து மழைக்குள் இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினார். அதுவரை குரல் உயர்த்திப் பேசாதவர் கத்தினார். கத்தியது பாதி புரியவில்லை. அத்தான் ஓடிவந்து சொன்னார்:

"மூடின ஷெட்டுல இந்த அடுப்பு எரிஞ்சா கார்பன் மோனாக்ஸைடு சேரும்ல! நிறம் கிடையாது, வாடை கிடையாது. தூக்கம் வர்ற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். ஷெட்டை ஒட்டித்தான் அவரு வீடும் இருக்கு."

இதமாக இருந்தது என்று நான் நினைத்தேனே! அந்தச் சொல்லை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. பெரியவர் கால்மணி நேரம் காற்றுப் போக விட்டார். பிறகு சுவரில் மாட்டியிருந்த மோனாக்ஸைடு அலாரத்தின் பட்டனை அமுக்கிச் சரிபார்த்துவிட்டு, ஒரு கம்பளியைக் கொண்டுவந்து என் தோளில் போட்டார். "குளிர்ந்தால் இதைப் போர்த்திக்கொள்ள வேண்டும். கதவை அல்ல."

அப்புறம் வெந்நீர் தயாரானது. தானியம் போட்டார். ஒரு மணி நேரம். ஷெட் முழுக்க ஹார்லிக்ஸ் வாசனை. (ஹார்லிக்ஸும் முளைகட்டிய பார்லிதானே!) சாற்றை அடுத்த பாத்திரத்துக்கு அனுப்ப பம்பைப் போட்டார். பம்பு 'ம்ம்ம்' என்று முனகியது. சாறு நகரவில்லை. அணைத்துவிட்டு மறுபடி போட்டார். மறுபடி 'ம்ம்ம்'.

அத்தான் எழுந்துவிட்டார். "நான் ஒரு காதைப் பிடிக்கேன்..."

"உட்கார்!"

பெரியவர் முகத்தில் வியர்வை. இது நடக்காவிட்டால் கோபுரத்தோடு இதையும் துணி போட்டு மூட வேண்டியதுதான் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். பெஞ்சில் மெல்ல உட்கார்ந்து பம்பைத் தடவிப் பார்த்தார். இந்த ரக பம்புக்குத் தானாக உறிஞ்சத் தெரியாது. முதலில் அதற்குள் சாறு தானாக இறங்கி நிரம்ப வேண்டும். உள்ளே காற்று மாட்டிக்கொண்டால் வெறுமனே சுற்றும். அதனால்தான் அதைப் பாத்திரத்துக்குக் கீழே மாட்டியிருந்தார். ஆனால் ஹோஸ் ஓரிடத்தில் மேலே வளைந்து நின்றது. பம்பை நிறுத்தினார். வால்வை மூடி, ஹோஸை நிமிர்த்தி, வெளியேறும் பக்கத்து இணைப்பைக் கொஞ்சம் தளர்த்தி, வால்வை மெல்லத் திறந்தார். 'புஸ்' என்று காற்று போயிற்று. பின்னாலேயே தேன் நிறத்தில் சாறு எட்டிப் பார்த்தது. இணைப்பை இறுக்கினார். பம்பைப் போட்டார்.

குழாய்க்குள் சாறு ஏறிப் போவதைப் பார்த்துக்கொண்டே நாங்கள் மூவரும் ஒன்றும் பேசாமல் இருந்தோம்.

மதியம் இரண்டரைக்கு எல்லாம் முடிந்தது. கொதித்து, செம்புச் சுருளில் பச்சைத் தண்ணீர் ஓடவிட்டு ஆறவைத்து, ஈஸ்ட் போட்டு, அந்த ஃபிரிட்ஜுக்குள் போயாயிற்று. அதுவும் பம்பு வழியாகத்தான். ஒன்பது கிலோவைத் தாண்டி எதையும் அவர் தூக்கவில்லை. வடித்த சக்கை வாளி வாளியாக எதிர்வீட்டுக் கோழிகளுக்குப் போயிற்று. ஸ்டாண்டின் ஓரத்தில் கையுறை மாட்ட இரண்டு கொக்கி வைத்திருந்தார். ஒன்றில் அவருடைய தோல் கையுறை. மற்றதில் நீலப்பூ போட்ட சமையல்கட்டுக் கையுறை ஒன்று. அதை அவர் அன்று எடுக்கவே இல்லை. நாங்களும் கேட்கவில்லை.

* * *

என் வேலையை நான் செய்ய வேண்டாமா? கணக்குப் போட்டேன். இரும்பு 190 டாலர், மூன்று பர்னர் 210, இரண்டு பம்பு 340, வால்வு, ஹோஸ் வகையறா 220, சக்கரம் 60, சூடு தாங்கும் பெயின்ட் 25. ஆக 1,045 டாலர். ஐந்து வருஷத் தேய்மானம் என்றால் வருஷத்துக்கு 209. ஒரு தடவைக்கு 10 காலன், நூறு பாட்டில். வருஷத்துக்கு பத்துத் தடவை காய்ச்சினால் சட்டம் சொல்கிற 100 காலன் சரியாகிவிடும். பாட்டிலுக்கு 21 சென்ட் தேய்மானம். சாமான் செலவையும் சேர்த்தாலும் லாபம்தான் என்று பெருமையாக நீட்டினேன்.

பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரி வரியாகப் படித்தார். "கூலியை எழுதவில்லையே? தடவைக்கு ஆறரை மணி நேரம்."

"எழுதினால் நஷ்டம் வரும்."

"நஷ்டம்தான். ஆனால் சனிக்கிழமை அந்த ஆறரை மணி நேரத்தை நான் வேறெங்கே கொண்டுபோய்ச் செலவழிப்பது?"

இதற்கு எந்த லெட்ஜரில் தலைப்பு இருக்கிறது? நான் பேப்பரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

அந்த பீர் தயாராகும் முன்பே நான் விமானம் ஏறிவிட்டேன். ஆகவே, அதை நான் குடிக்கவில்லை. குடித்தது கொதிப்பதற்கு முந்தின இனிப்புச் சாறு அரை டம்ளர். (என் மாமனாரும் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறார் என்பதற்காகச் சொல்லவில்லை. நிஜமாகவே அவ்வளவுதான்.)

ஊருக்கு வந்து நாலாவது நாள். அடுக்களையில் அம்மா தரையில் இருந்த கிரைண்டரிலிருந்து மாவு வழித்துக்கொண்டிருந்தாள். குனிந்தவள் நிமிர முடியாமல் சுவரைப் பிடித்தாள். முன்னெல்லாம் கல்லைத் தூக்கி வைக்கிற வேலை அப்பாவுடையது. அப்பா போய் மூன்று வருஷம். இத்தனை நாளும் இதே அடுக்களையில்தான் நானும் காபி குடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அளவு நாடாவை எடுத்து வந்தேன்.

"அம்மா, கொஞ்சம் நேரா நில்லு. கைய மடக்கு."

"எதுக்குல? ஜாக்கெட்டுக்கா அளக்க?"

"இல்ல. முழங்கை எவ்வளவு உயரம்னு பாக்கணும்."

அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அமெரிக்கா போய் வந்தால் எல்லாரும் இப்படித்தான் ஆகிவிடுவார்களோ என்னவோ என்று நினைத்திருப்பாள். ஆனாலும் நேராக நின்றாள். வெல்டிங் பட்டறைக்காரர் வெள்ளிக்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார். நாலு சக்கரம், நாலுக்கும் பிரேக். பூச்சில்லாத இரும்புதான் வேண்டும் என்று நான் அடித்துச் சொன்னபோது, அவர் என்னைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தார்.